திரும்பி வராத பூமராங்

நுழையும்முன்

'பேசிய பேச்சு பூமராங்காகத் திரும்பிவிட்டது' என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம், மேடைகளிலும் கேட்கிறோம். எறிந்தவரிடமே திரும்பி வரும் பொருள் என்னும் ஒற்றைக் கருத்தையே அச்சொல் நம் மனத்தில் எழுப்புகிறது. ஆயினும் அப்பெயரால் சுட்டப்பெறும் எறிபடைகளுள் மிகப் பெரும்பாலானவை திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆஸ்திரேலியாவில் தொடங்கும் இப்படையின் வரலாறு, தமிழ்நாட்டின் வளரியையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ள உதவுகிறது.

சிட்னியில் ஒரு மோதல்

1804-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சிட்னியில் வெளிவந்த வார இதழ் ஒன்று விந்தையான செய்தியைப் பதிவு செய்தது. ஆங்கிலேயர் அங்குக் குடியேற்றம் அமைத்துப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. தொல்குடி மக்களுக்குள் நிகழ்ந்த மோதலொன்றில் பங்கரி என்பவர் வளைந்த மரப்படை ஒன்றை எறிந்தார். காற்றில் மிகுந்த விரைவுடன் சுழன்று சென்ற அப்படை, எதிராளி ஒருவரின் வலக்கையைத் தாக்கிக் கடுங்காயம் விளைவித்தது. தாக்கிய பின்னும் வேகம் அடங்காமல் தெறித்து எழுபது எண்பது கெச தூரம் சென்று விழுந்தது. அதனைத் துருக்கியரின் வளைவாளுக்கு அவ்விதழ் ஒப்பிட்டிருந்தது. படை திரும்பி வந்ததாக அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

பங்கரி எளிய மனிதர் அல்லர். 1802, 1803-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியக் கண்டம் முழுவதையும் கடல்வழியே சுற்றிவந்த மாத்யூ பிளிண்டர்சின் கப்பலில் உடன் சென்றவர். வழியில் எதிர்ப்பட்ட பிற தொல்குடியினரிடம் நட்புறவு ஏற்படத் துணைநின்றவர். இத்தகைய ஒருவர் கையிலிருந்து பறந்த படையைத்தான் ஐரோப்பியர் வாள் என்று எண்ணினர். இந்தத் தவறு அப்போது தொடங்கியதும் அன்று. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் தாவரவியல் விரிகுடாவில் நங்கூரமிட்டபோது, கரையில் நின்றவர்களின் கைகளில் இருந்த வளைந்த கட்டைகளை மரவாள்கள் என்றே கப்பலில் இருந்தோர் கருதினர். தமக்குத் தெரிந்த பொருளின் பெயரைத் தெரியாத பொருளுக்குச் சூட்டிவிடுவது எல்லா நாட்டுப் பயணிகளுக்கும் உள்ள இயல்பு.

பூமராங் என்னும் பெயர் சிட்னிப் பகுதியில் வழங்கிய தாருக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆஸ்திரேலியாவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தொல்குடி மொழிகள் வழங்கின. அவற்றுள் பலவற்றில் இப்படைக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஒரே மொழியில் வேட்டைக்கு ஒரு பெயரும் போருக்கு ஒரு பெயருமாக வேறுபட்டும் வழங்கின. ஐரோப்பியர் முதலில் கேட்ட மொழியின் சொல் மட்டும் உலகெங்கும் பரவி, மற்றவற்றையெல்லாம் மூடிக்கொண்டது.

பல தொழில் செய்த தடி

பூமராங்கை இருபெரும் வகையாகப் பிரிக்கலாம். நேராக நெடுந்தூரம் சென்று இலக்கைத் தாக்குவது ஒன்று. வட்டமிட்டுத் திரும்புவது மற்றொன்று. முன்னது கனமானது, வளைவு குறைந்தது. கங்காருவின் காலை முறிக்கவும் ஈமு பறவையை வீழ்த்தவும் அதுவே பயன்பட்டது. தேர்ந்த கை எறிந்தால் நூறு மீட்டருக்கு மேலும் தரையை ஒட்டியே பறக்கும். பின்னது இலேசானது; விளையாட்டுக்கும் பறவை வேட்டைக்கும் உரியது. பறவை வேட்டையிலும் அது பறவையை அடிப்பதற்காகப் பெரும்பாலும் எறியப்படவில்லை என்பது கருதத்தக்கது. நீர்நிலையில் வாத்துக் கூட்டம் எழும்போது அதற்கு மேலே இதனைச் சுழலவிடுவர். பருந்து வட்டமிடுவதாக அஞ்சிய வாத்துகள் தாழப் பறக்கும். மரங்களுக்கிடையே முன்னரே கட்டி வைத்த வலையில் சிக்கும்.

இலக்கைத் தாக்கிய படை திரும்பி வர இயலாது என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். தாக்கிய அக்கணமே அதன் சுழற்சி குலைந்துவிடும். அது கீழே விழத்தான் செய்யும். குறி தப்பினால் மட்டுமே திரும்பி வரும். எனவே திரும்பி வருதலைப் போர்ப்படைக்குரிய சிறப்பாகப் பேசுவது பொருந்தாது. போர்க்களத்தில் விரைந்து திரும்பும் கனத்த தடி எறிந்தவருக்கே ஆபத்தாகவும் முடியும்.

தொல்குடியினர் இதனைக் கொண்டு செய்த வேலைகள் பல. கிழங்கு அகழ்ந்தனர், இறைச்சி அறுத்தனர், அடுப்புக் கரியைக் கிளறினர், கட்டையோடு தேய்த்துத் தீக்கடைந்தனர். இரண்டு பூமராங்குகளைச் சேர்த்துத் தட்டினால் அவை தாளக் கருவியாயின. சடங்குகளில் அவை ஒலிக்க மக்கள் பாடி ஆடினர். பொறிக்கப்பட்ட கோடுகளும் வண்ணங்களும் இன்ன குழுவினர் செய்தது என்பதை அறிவித்தன. ஒரு குழுவிடமிருந்து மற்றொரு குழுவுக்குப் பண்டமாற்றாகவும் அவை பயணம் செய்தன. நெடுந்தொலைவு நடந்து வாழ்ந்த மக்களுக்குச் சுமை குறைவாக இருத்தல் இன்றியமையாதது. ஒரே மரத்துண்டு இத்தனை வேலைக்கும் உதவியதன் அருமை, பாத்திரமும் கருவியுமாக வீடு நிரப்பி வாழும் நமக்கு எளிதில் விளங்குவதில்லை.

கண்டம் முழுவதும் இது வழங்கியதாகவும் எண்ணிவிடக் கூடாது. தாஸ்மானியத் தீவினரிடம் பூமராங் இல்லை. பாலைநிலக் குழுக்கள் பலவற்றில் கனத்த வகை உண்டு. திரும்பும் வகை இல்லை.

செய்முறையிலும் நுட்பம் இருந்தது. நேரான பலகையிலிருந்து வளைவாக வெட்டியெடுத்தால் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டு, முதல் அடியிலேயே முறிந்துவிடும். ஆகவே வேரும் அடிமரமும் கூடுமிடத்திலோ கிளை பிரியுமிடத்திலோ இயல்பாக வளைந்த பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தனர். அங்கு நாரும் வளைவோடு சேர்ந்தே ஓடும். கல்லால் செதுக்கிய பின் சூடான சாம்பலில் வாட்டி வேண்டிய முறுக்கை ஏற்றினர். எந்த மரத்தில் எந்த வளைவு ஒளிந்திருக்கிறது எனக் காட்டில் நடக்கும்போதே கண்டுகொள்ளும் கண் அவர்களுக்கு இருந்தது.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற முதல் கிரிக்கெட் அணி, தொல்குடி வீரர்களைக் கொண்ட அணியே. 1868-இல் அவர்கள் 47 ஆட்டங்கள் ஆடி, 14-இல் வென்று, 14-இல் தோற்றனர்; 19 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஆட்டம் முடிந்தபின் பார்வையாளர்முன் பூமராங் எறிந்து காட்டும்படி அவர்கள் பணிக்கப்பட்டனர். 'எறிந்தால் திரும்பும் விந்தைப் பொருள்' என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்ற இத்தகைய காட்சிகள் காரணமாயின.

பிற நிலங்களில்

மரம் மக்கிவிடும். அதனால் பழைய பூமராங்குகள் கிடைப்பது அரிது. தெற்கு ஆஸ்திரேலியாவில் வைரி என்னும் சதுப்பு நிலத்தில், காற்றுப் புகாத கரிச்சேற்றில் புதைந்து கிடந்த சில 1973-இல் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை சவுக்கு இனத்து மரத்தால் ஆனவை. அவற்றுள் சில திரும்பும் வகையின என ஆய்வாளர் கருதுகின்றனர்.

அதைவிடத் தொன்மையான ஒன்று ஆஸ்திரேலியாவில் கிடைக்கவில்லை. போலந்து நாட்டில் கிடைத்தது. அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள ஓப்வாசோவா குகையில், மாமத யானையின் தந்தத்தால் செய்யப்பட்ட வளைந்த எறிபடை ஒன்று 1985-இல் வெளிப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அது 23,000 ஆண்டுப் பழமையுடையது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2025-இல் வெளிவந்த ஆய்வு அதன் காலத்தை 39,000 முதல் 42,000 ஆண்டுகளுக்கு முன் எனக் கணித்தது. அதன் படியைச் செய்து எறிந்து பார்த்தனர். நன்கு பறந்தது, திரும்பவில்லை.

எகிப்தில் 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் திறந்த தூத்தன்காமன் கல்லறையில் மன்னனின் உடைமைகளோடு எறிதடிகள் பலவும் இருந்தன. நெபாமுன் என்னும் அலுவலரின் கல்லறை ஓவியமொன்று இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சதுப்பு நிலத்தில் படகின்மீது நின்று, பாம்பு வடிவ எறிதடியை ஓங்கியபடி அவர் பறவை வேட்டையாடுகிறார். மனைவியும் மகளும் உடனிருக்க, வீட்டுப் பூனையும் பறவைகளைக் கவ்வி நிற்கிறது. வட அமெரிக்காவின் ஹோப்பி மக்கள் முயல் வேட்டைக்கு வளைந்த தடியைப் பயன்படுத்தினர். இந்தியாவில் குஜராத்தின் கோலி மக்களிடமும் இத்தகைய படை இருந்தது. தமிழ்நாட்டில் இருந்தது வளரி.

ஏன் திரும்புகிறது?

கிராமத்துச் சிறுவர் பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவதைப் பார்த்திருப்போம். நிற்கும் டயரை இடப்பக்கம் சாய்த்தால் விழுந்துவிடும். ஓடும் டயர் இடப்பக்கம் சாய்ந்தால் விழுவதில்லை. இடப்பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. சுழலும் பொருளைச் சாய்க்க முயன்றால் அது தன் சுழல் அச்சின் திசையை மாற்றிக்கொள்ளும் என்பதே இதன் காரணம். பூமராங்கின் இரகசியமும் இதுதான்.

பூமராங்கின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் விமான இறக்கையைப்போலப் புடைத்தும் இருக்கும். வலக்கைக்காரர் அதனை ஏறக்குறைய நெட்டாக, புடைத்த பக்கம் தம் இடப்புறம் நோக்குமாறு பிடித்து, சுழற்சியோடு எறிகிறார். ஓடும் டயரைப் போலவே, மேலே இருக்கும் கை பறக்கும் திசையில் சுழல்கிறது. கீழே இருக்கும் கை எதிர்த்திசையில் சுழல்கிறது. எனவே மேற்கையின்மீது காற்று விரைவாகவும் கீழ்க்கையின்மீது மெதுவாகவும் மோதுகிறது. இடப்பக்கம் தள்ளும் விசை மேலே மிகுதி, கீழே குறைவு. இந்த வேறுபாடு பூமராங்கை இடப்பக்கம் சாய்க்க முனைகிறது. அது சாயாமல், டயரைப் போல இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது. திரும்பத் திரும்ப ஒரு வட்டம் நிறைகிறது. வட்டத்தின் அளவு எறிபவரின் தோள்வலிமையைவிடப் படையின் அமைப்பையே மிகுதியும் சார்ந்தது.

இது புவியீர்ப்பின் வேலையன்று, காற்றின் வேலை என்பதற்கு அழகிய சான்று ஒன்றுண்டு. 2008 மார்ச்சில் சப்பானிய விண்வெளி வீரர் தகாவோ தோய், எடையற்ற நிலையில் மிதக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குள் காகிதப் பூமராங் ஒன்றை எறிந்தார். தரையில் செய்வதைப் போலவே அது அவரிடம் திரும்பியது. நிலையத்திற்குள் காற்று இருந்ததே அதற்குப் போதுமானதாயிற்று.

இக்கணக்கை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தோருள் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர். கல்லூரித் திடலில் ஓயாமல் எறிந்து பார்த்ததால் 'பூமராங் வாக்கர்' என்றே அவரை நண்பர்கள் அழைத்தனர். 1897-இல் அவரது ஆய்வுரை வெளிவந்தது. அவர் பெயர் இந்தியருக்கு வேறொரு வகையில் உரியது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து, பருவமழை ஏன் பொய்க்கிறது என்பதை ஆராய்ந்தவர் அவரே. பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்திற்கும் நம் மழைக்கும் உள்ள உறவை அவர் கண்டறிந்தார். எல்நினோவைப் பற்றிப் பேசும் வானிலை அறிஞர் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடிவதில்லை.

வளரி

வளைதடி, கள்ளர் தடி என்றும் வழங்கும் வளரி, பிறைவடிவினது. வைரம் பாய்ந்த மரத்தாலோ இரும்பாலோ செய்யப்பெறுவது. ஒருமுனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும், வெளிவிளிம்பு கூர்மையாக்கப்பட்டிருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி விசையேற்றி எறிவர். முயல், காட்டுக்கோழி வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளில் மிகுதியாக வழங்கியது.

வளரியும் எறிந்தவர் கைக்கே திரும்பியது என்று இன்று பலர் எழுதுகின்றனர். திருமாலின் சக்கரம் பகைவரை அழித்து மீண்டும் கைவந்து சேரும் என்னும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த எண்ணம் நமக்கு இனிக்கிறது. ஆயினும் மேற்கண்ட அமைப்பை உற்று நோக்கினால் உண்மை புலப்படும். ஒருமுனை மட்டும் கனத்த இரும்புப் பிறை, இறக்கையின் வேலையைச் செய்யாது. விசையனைத்தையும் இலக்கில் இறக்குவதற்கே அது உருவாக்கப்பட்டது. திரும்பாமையால் வளரி தாழ்ந்துவிடவில்லை. பூமராங்கோடு போட்டியிட வைத்து அதன் தனித்தன்மையை நாமே மறைத்துவிடக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் சிலர் வேறு திசையில் சென்றனர். ஆஸ்திரேலியா, இந்தியா, எகிப்து ஆகிய மூன்றிடத்திலும் வளைந்த எறிபடை இருப்பதைக் கண்டு, இவையனைத்தும் ஒரே மூலத்திலிருந்து பரவியவை என்றனர். பிட்-ரிவர்ஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற லேன் பாக்ஸ் இதனை வலியுறுத்தினார். உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி தக்காண மலைவாழ் மக்களையும் ஆஸ்திரேலியத் தொல்குடியினரையும் ஒரே இனமாக வகைப்படுத்தினார். ஒரு கருவியின் வடிவ ஒற்றுமையை மட்டும் கொண்டு மக்களின் உறவை நிறுவுவது பிழை. பனியுகப் போலந்தில் யானைத்தந்தத்தில் செய்தவர் எவரிடம் கற்றார்? வளைந்த கிளை எல்லா நாட்டிலும் உண்டு. அது சுழன்று பறப்பதைக் காணும் கண்களும் எல்லா நாட்டிலும் உண்டு.

ஆசானும் மாணவனும்

வளரியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, அதனால் தாக்குண்ட படையைச் சேர்ந்த ஒருவர் எழுதியது. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1795-இல் மதுரையில் பணியாற்றினார். சிவகங்கையின் சின்ன மருதுவோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. வேலெறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே. தேர்ந்தவர் கையில் நூறு கெசத்துக்குள் எந்தத் தொலைவிலும் வளரி குறி தவறாது என்று வெல்ஷ் பின்னர் எழுதினார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1801 ஜூன் 16-இல், சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் அந்நியருக்கு எதிராக ஒன்றுபடுமாறு அழைக்கும் அறிக்கையைச் சின்ன மருது திருச்சியில் வெளியிட்டார். தொடர்ந்து நிகழ்ந்த போரில் வெல்ஷ் எதிரணியில் நின்றார். தமக்குப் படைப்பயிற்சி அளித்தவரைக் காட்டு விலங்கைப்போல வேட்டையாட நேர்ந்ததையும், தொடையெலும்பு முறிந்த நிலையில் அவர் சிறையில் கிடந்ததையும், இறுதியில் அவரும் அண்ணன் பெரிய மருதுவும் தூக்கில் தொங்கியதையும் தாம் கண்டதாக 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் வருத்தத்தோடு பதிவுசெய்துள்ளார். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட நாள் 1801 அக்டோபர் 24, இடம் திருப்பத்தூர். வெற்றிபெற்றவரின் நூலிலிருந்தே தோற்றவரின் கலையை நாம் அறிய வேண்டியிருக்கிறது. வளரி ஆசான் ஒருவரே எழுதிய நூல் நம் கையில் இருந்திருந்தால், எடை, மரம், பிடிமானம், பயிற்சிமுறை என எத்தனையோ செய்திகளை அறிந்திருப்போம்.

போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர், பாளையக்காரரும் மக்களும் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்தார். வளரி செய்த கொல்லர்க்கும் தச்சர்க்கும் வேலை குறைந்தது. பயிற்றுவிக்கும் களங்கள் மறைந்தன. நூறாண்டு கழித்து, 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுப்பில் புதுக்கோட்டை திவான் எழுதியனுப்பிய குறிப்பு உள்ளது. வளரி வீசுவதில் வல்லவர் எவரும் அச்சீமையில் அப்போது இல்லை என்றும், மறவர், கள்ளர் வீடுகளில் முன்னோர் நினைவாக அது ஓய்ந்து கிடக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து வந்த யானைத்தந்த வளரிகள் இரண்டும், புதுக்கோட்டை மரவளரி ஒன்றும் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததாக அதே நூல் குறிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இன்றும் தொல்குடிக் கைவினைஞர் வளைந்த வேர்களைத் தேடிப் பூமராங் செதுக்குகின்றனர். தந்தையிடம் கற்றதை மகனுக்குக் காட்டுகின்றனர். தமிழ்நாட்டில் அத்தொடர் அறுந்தது. சிலம்ப ஆசான்கள் சிலர் இப்போது வளரியை மீண்டும் கையிலெடுத்து, பழைய வீட்டுப் படைகளின் எடையையும் வளைவையும் அளந்து, திடலில் எறிந்து எறிந்து கற்றுவருகின்றனர்.